வட நேட்டால் நிலக்கரிச் சுரங்கங்களில் தமிழர்: கரும்புக்கு வந்தவர்கள் டண்டீக்குப் போனது எப்படி?

சாட்ஸ்வொர்த் பேத்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர் என்றதும் எங்கள் தலைமுறைக்குக் கடலோரத்துக் கரும்புத் தோட்டம்தான் நினைவுக்கு வருகிறது. பள்ளியில் படித்ததும், கோயில் நூற்றாண்டு மலர்களில் வாசித்ததும், முதல் கப்பல் வந்த நாளான நவம்பர் 16 அன்று மேடையில் கேட்பதும் அதே கதைதான். 1860-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தது, வந்தவர்கள் கரும்பு வெட்டினார்கள், ஒப்பந்தம் முடிந்ததும் காய்கறி பயிரிட்டார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள் என்று கதை நேர்க்கோட்டில் போய்விடுகிறது.

என் தாயாரின் தாத்தாவைப் பற்றி அண்மையில் கிடைத்த தாள்கள் இந்தக் கோட்டில் அடங்கவில்லை. கப்பல் பட்டியலில் அவருடைய பதிவு இருக்கிறது. வட ஆற்காடு ஜில்லா, வந்தவாசி தாலுகா, தகப்பனார் பெயர், சாதி, வயது 22, இடது முழங்காலில் தழும்பு என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். 1902-இல் வந்திருக்கிறார். முதல் முதலாளி வட கடற்கரையில் ஒரு சர்க்கரை எஸ்டேட். ஐந்து ஆண்டுகள் கழித்து 1907-இல் மறு ஒப்பந்தம் செய்ததாக வேறொரு கையெழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. அதில் முதலாளியின் இடத்தில் டண்டீப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் பெயர் காணப்படுகிறது. தாயாரின் அம்மாவான என் ஆயா, தாம் டண்டீயில் பிறந்ததாகச் சொல்வார். தகப்பனார் ரயில்வேயில் இருந்ததாகத்தான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார். சுரங்கம் என்ற சொல்லையே வீட்டில் யாரும் கேட்டதில்லை.

பெரியவர்கள் விளக்க வேண்டும். கடலோரத்தில் ஐந்து ஆண்டுகள் கரும்பில் பாடுபட்டு விடுதலை பெற்ற ஒருவர், இருநூறு மைலுக்கு மேல் உள்ளே தள்ளி, மலைக்கு அப்பால் இருக்கும் ஓர் ஊருக்குப் போய், மீண்டும் தம்மை ஒப்பந்தத்தில் ஏன் கட்டிக்கொள்ள வேண்டும்? அங்கே தமிழர்கள் எத்தகைய வாழ்க்கை வாழ்ந்தார்கள்? காந்தியின் போராட்டத்தின்போது நடந்த 1913 வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களில் தொடங்காமல் அந்தச் சுரங்கங்களில் தொடங்கியது ஏன்? இவ்வளவு பேர் இருந்த இடத்தில் இன்று சுரங்கத் தொழிலாளியின் பேரன் என்று சொல்லிக்கொள்பவர் ஒருவர்கூடக் கண்ணில் படாதது ஏன்?

லேடிஸ்மித் ஓய்வாசிரியர் எழுதியது:

அம்மா, தங்கள் கொள்ளுத்தாத்தாவின் பதிவில் இருக்கும் இரண்டு ஆண்டுகளே தங்கள் முதல் கேள்விக்கு விடை சொல்லிவிடுகின்றன. 1895-க்குப் பின் நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளி, தம் ஐந்தாண்டு முடிந்ததும், இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும், அல்லது மறு ஒப்பந்தம் செய்ய வேண்டும், அல்லது ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி கட்டி இங்கே இருக்க வேண்டும் என்று அந்த ஆண்டின் 17-ஆம் எண் சட்டம் விதித்தது. ஆணுக்குப் பதினாறு வயதிலும் பெண்ணுக்குப் பதின்மூன்று வயதிலும் வரி தொடங்கியது. மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில் ஆணுக்குக் கிடைத்த மாதக் கூலி பத்து ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் வீதம் ஏறி ஐந்தாம் ஆண்டில் பதினான்காகும். ஆகவே வரி மட்டுமே முதல் ஆண்டுக் கூலியில் ஆறு மாதத்தை விழுங்கிவிடும். கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகள் இருவரும் உள்ள குடும்பம் பன்னிரண்டு பவுன் கட்ட வேண்டும். 1902-இல் வந்தவருக்கு 1907-இல் இந்தக் கணக்கு வாசலில் வந்து நின்றிருக்கும். சுரங்கம் எஸ்டேட்டைவிடக் கூடுதலாகக் கூலி கொடுத்தது. மறு ஒப்பந்தத்தில் இருக்கும்வரை வரியும் இல்லை. அவர் விரும்பிப் போனார் என்றோ பிடித்துக்கொண்டு போனார்கள் என்றோ ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டம் மூன்று கதவுகளைக் காட்டி, இரண்டை ஏறக்குறைய அடைத்து வைத்திருந்தது.

இனி, சுரங்கங்களுக்கு ஏன் இந்தியர் வேண்டியிருந்தார்கள் என்பதைச் சொல்கிறேன். நிலக்கரி அங்கே இருப்பது வெள்ளையர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது; பக்கத்துப் பண்ணைக்காரர்கள் மாட்டு வண்டியில் ஏற்றி விற்றும் வந்தார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த பீட்டர் ஸ்மித் என்பவர் தம் நாட்டு ஊரின் பெயரைச் சூட்டிய பண்ணைதான் பிற்பாடு டண்டீ நகரமானது. பிகர்ஸ்பர்க் குன்றுகளைத் தாண்டி மாட்டு வண்டியில் துறைமுகத்துக்குக் கரி கொண்டுபோனால் கட்டுப்படியாகாது. ஜொகானஸ்பர்க்கில் 1886-இல் தங்கம் கிடைத்தது. அதே ஆண்டு டர்பனிலிருந்து வந்த இருப்புப்பாதை எங்கள் லேடிஸ்மித்தை எட்டியது. 1891-இல் டிரான்ஸ்வால் எல்லையில் உள்ள சார்ல்ஸ்டவுன் வரை போய்விட்டது. தங்கத்தை நோக்கிப் போட்ட பாதை வழியில் நிலக்கரியின் மேல் சென்றது. டண்டீ நிலக்கரிக் கம்பெனி 1889-இல் ஏற்பட்டதற்கு இதுவே காரணம். ரயில் எஞ்சின்களுக்குக் கரி வேண்டும். அதைவிட மேலாக, டர்பன் துறைமுகத்துக்கு வந்துபோன நீராவிக் கப்பல்களுக்குக் கரி வேண்டும். எலாண்ட்ஸ்லாக்டே, கிளென்கோ, ஹாட்டிங் ஸ்ப்ரூட், டான்ஹவுசர், நியூகாசில் என்று பாதையோரம் ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கங்கள் எழுந்தன.

கரியை வெட்ட ஆள் வேண்டுமே. மேற்பார்வைக்கும் எந்திரத்துக்கும் ஸ்காட்லாந்து, வேல்ஸ் முதலிய இடங்களிலிருந்து அனுபவம் உள்ளவர்களை நல்ல சம்பளத்தில் வரவழைத்தார்கள். ஜூலு மக்களுக்கு அப்போது இன்னும் சொந்த நிலமும் மாடும் இருந்தன; உழவுக் காலம் வந்தால் சுரங்கத்தை விட்டு ஊருக்குப் போய்விடுவார்கள்; கூலி முக்கியம் என்று நினைப்பவர் அதிகம் கொடுக்கும் தங்கச் சுரங்கங்களுக்குப் போவார். ஆண்டு முழுவதும் இடத்தை விட்டு நகர முடியாத ஆள் யார் என்று பார்த்தபோது, கரும்பு முதலாளிகளுக்கு ஏற்கெனவே கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த ஒப்பந்த இந்தியர் கண்ணில் பட்டார்கள். 1860-க்கும் 1911-க்கும் இடையில் நேட்டாலுக்கு வந்த 1,52,184 பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். எனவே கம்பவுண்டு எனப்பட்ட சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பிலும் தமிழும் தெலுங்கும் ஓங்கி ஒலித்ததில் வியப்பில்லை.

வாழ்க்கை எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். கரும்புத் தோட்டத்தில் வெயில் என்றால் இங்கே இருட்டும் குளிரும். டண்டீ கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் விடியற்காலையில் புல் மேல் உறைபனி படியும். வந்தவாசியிலிருந்து வேட்டியோடு வந்தவருக்குத் தகரக் கொட்டகையில் அந்தக் குளிர் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கீழே கரிப் படுகை பல இடங்களில் ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம் இல்லை. பிக்காசு கொண்டு வெட்டுபவர் ஒருக்களித்துப் படுத்து, அடியில் ஒரு பள்ளம் குடைந்து, மேலிருக்கும் கரியை விழச் செய்வார். அதை மண்வாரியால் தொட்டியில் நிரப்புபவர் வேறு. தொட்டியைத் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போகிறவர் வேறு. மேலே வந்த கரியில் கல் பொறுக்கவும், கோக் அடுப்புகளில் வேலை செய்யவும் ஆள் உண்டு. நேட்டால் படுகைகளில் தீப்பற்றும் வாயு மிகுதி. விளக்கு கவனம் தவறினால் ஒரு ஷிப்டு முழுவதும் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தொழிலாளரை வாட்டியது கணக்கு எழுதும் முறை. அன்றைக்குக் குறித்த அளவு முடியவில்லை என்றால் அந்த நாள், வேலை நாளைக் குறிக்கும் சீட்டான டிக்கட்டில் ஏறாது. அனுமதியின்றி ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி வெட்டப்படும். இதற்குச் சட்டத்திலேயே இடம் இருந்தது. முறையிட வேண்டுமானால் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரி டர்பனில் இருக்கிறார். கம்பவுண்டை விட்டு அவரிடம் போவதற்கோ முதலாளியின் சீட்டு வேண்டும். கரும்புத் தோட்டத்திலிருந்து டர்பனுக்கு இரவோடு இரவாக நடந்து போய் முறையிட்டவர்கள் உண்டு. டண்டீயிலிருந்து அது நடக்கிற காரியம் இல்லை.

கிளென்கோ கடைக்காரர் வீட்டுப் பிள்ளை எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சுரங்கப் பகுதி இந்தியர் என்றால் ஒப்பந்தக்காரர் மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. சொந்தச் செலவில் வந்த குஜராத்தி வணிகர்கள் டண்டீயிலும் நியூகாசிலிலும் கடை வைத்திருந்தார்கள். ஒப்பந்தம் முடித்த தமிழரிலும் சிலர் கூடை தூக்கிக் காய்கறி விற்று, பிறகு சிறு கடை போட்டார்கள். 1897-இல் வந்த வணிக உரிமச் சட்டம் நகராட்சிகளின் கையில் கத்தியைக் கொடுத்தது. நியூகாசில் நகராட்சி இந்தியக் கடைகளுக்கு உரிமம் மறுக்க, வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயும், நகராட்சியின் முடிவுக்கு மேல் மேல்முறையீடு கிடையாது என்று தோற்றுப்போனது. ஆக, கீழே இருட்டில் இருந்தவருக்கு ஒரு வேலி, மேலே தராசு பிடித்தவருக்கு இன்னொரு வேலி.

அக்கம்பக்கத்தையும் பாருங்கள். வடக்கே டிரான்ஸ்வாலுக்குள் அனுமதியின்றி நுழைய முடியாது. மேற்கே ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் 1891 முதல் இந்தியரைக் குடியிருக்கவே விடவில்லை. கிழக்கே வ்ரைஹெய்ட், உட்ரெக்ட் மாவட்டங்கள் 1903-இல் நேட்டாலோடு சேர்ந்த பிறகும் பழைய டிரான்ஸ்வால் சட்டமே அங்கே இந்தியருக்கு நீடித்தது. நிலக்கரி அந்தப் பக்கமும் இருக்கிறது; ஆனால் நம்மவர் குடியிருப்பு இருப்புப்பாதையை ஒட்டி ஒரு குறுகிய பட்டையாகவே நின்றுபோனது. கார் ஓட்டிக்கொண்டு போனால் இன்றும் அந்த எல்லை தெரியும்: இந்தப் பக்கத்து ஊர்களில் கோயிலும் மசூதியும் இருக்கும், அந்தப் பக்கம் வெகு அரிது.

டர்பன் வடக்கு வாசகி எழுதியது:

1913 பற்றி நான் சொல்கிறேன். தமிழ்நாட்டில் தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் தெரியாத பள்ளிப் பிள்ளை இருக்காது. அந்தப் பெண் ஜொகானஸ்பர்க்கில் பிறந்தவர், டிரான்ஸ்வாலிலிருந்து தாயாரோடு போராட்டத்துக்கு வந்தவர், மாரிட்ஸ்பர்க் சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாள்களில் 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தவர். அவரை வணங்குவது சரிதான். ஆனால் எந்தச் சுரங்கத்தில் முதல் பிக்காசு கீழே வைக்கப்பட்டது என்று கேட்டால் அங்கேயும் பதில் வராது, இங்கேயும் வராது. நியூகாசில் பக்கத்து ஃபேர்லீ சுரங்கம் அது. 1913 அக்டோபர் நடுவில் நடந்தது.

அந்த ஆண்டு மார்ச்சில் நீதிபதி சீர்ல் கொடுத்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்களைச் சட்டத்தின் கண்ணில் செல்லாதவையாக்கியது. முந்தைய ஆண்டு வந்துபோன இந்தியத் தலைவர் கோகலேயிடம் மூன்று பவுன் வரியை நீக்குவதாக அமைச்சர்கள் வாக்களித்ததாக இந்தியர் நம்பியிருந்தார்கள், அதுவும் நடக்கவில்லை. செப்டம்பரில், காந்தி அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பின் குழுவோடு அவர் மனைவி கஸ்தூர்பா எல்லை கடந்து சிறை சென்றார். டிரான்ஸ்வால் பெண்கள் பதினொருவர், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், கைக்குழந்தைகளோடு, பல இடங்களில் சட்டத்தை மீறிப் பார்த்தும் போலீஸ் அவர்களைக் கைது செய்யவில்லை. அவர்கள் நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசில் வந்தார்கள். மொரீஷியஸில் பிறந்து ஜொகானஸ்பர்க்கில் தமிழர் சங்கத் தலைவராக இருந்த தம்பி நாயுடுவும் வந்தார். அவர் மனைவி வீரம்மாள் அந்தப் பதினொருவரில் ஒருவர்.

பெண்கள் போய்ப் பேசினார்கள், ஆண்கள் வெளியே வந்துவிட்டார்கள் என்று நம் மேடைகளில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கரும்புத் தோட்டங்கள் ஒன்றுக்கொன்று தள்ளிப் பரந்து கிடந்தவை. ஒரு எஸ்டேட்டில் நடப்பது அடுத்த எஸ்டேட்டுக்குத் தெரிய நாளாகும். சுரங்கத்திலோ நூற்றுக்கணக்கானவர் ஒரே கம்பவுண்டில் தூங்கி, ஒரே வாயில் வழியாக இறங்கி, ஒரே வாயில் வழியாக ஏறினார்கள். ரயில் நிலையம் பக்கத்திலேயே இருந்தது. ரயில்வேயில் வேலை செய்த இந்தியர் வழியாகச் சேதி கம்பவுண்டுக்குக் கம்பவுண்டு போனது. மேலும் அவர்களில் கணிசமானவர் தங்கள் கொள்ளுத்தாத்தா போல வரிக்குப் பயந்து மறு ஒப்பந்தம் செய்தவர்கள். வரி நீங்கும்வரை வேலை செய்யாதீர்கள் என்று வீரம்மாள் முதலானோர் சொன்னபோது, அது அவர்கள் ஒவ்வொருவருடைய சொந்தக் கணக்கைப் பற்றிய பேச்சாக இருந்தது. எரியக் காத்திருந்த இடத்தில்தான் அந்தப் பெண்கள் வந்து நின்றார்கள். அதனால் அவர்கள் துணிச்சல் குறைந்துவிடாது. அக்டோபர் 21-இல் அவர்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது.

சுரங்க முதலாளிகள் கம்பவுண்டில் தண்ணீரையும் விளக்கையும் நிறுத்தியதாகக் காந்தி பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். முதலாளியின் ரேஷனைத் தின்றுகொண்டு வேலைநிறுத்தம் செய்ய முடியாது, கம்பவுண்டை விட்டு வெளியேறுங்கள் என்பது அவர் கொடுத்த யோசனை. வெளியே வந்தவர்களுக்கு நியூகாசிலில் இடம் கொடுத்தவர் லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவர். சிறு மனை, இரண்டு மூன்று அறை கொண்ட வீடு. அந்த வீட்டு முற்றம் சில நாள்களில் சத்திரமாகிவிட்டது. தலையில் மூட்டையோடு குடும்பம் குடும்பமாக வந்துகொண்டே இருந்தார்கள். மழை இல்லாமல் இருந்தது ஒரு கொடுப்பினை என்றுதான் சொல்ல வேண்டும். அரிசி, பருப்பு, பாத்திரங்களை உள்ளூர் வணிகர்கள் கொடுத்தார்கள். முந்தைய பதிவில் சொன்ன கடைக்காரர்களின் உதவி இங்கே வருகிறது.

பிறகு சார்ல்ஸ்டவுனுக்கு முப்பத்தாறு மைல் நடை. அங்கே மசூதி வளாகத்தில் சமையல். நவம்பர் 6 காலையில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் அனுமதியின்றி டிரான்ஸ்வால் எல்லை தாண்டிச் சிறைபுகப் புறப்பட்டார்கள். நாளொன்றுக்கு ஆளுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டியும் ஒரு அவுன்ஸ் சர்க்கரையும் பங்கு. வழியில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன. ஒன்று குளிரில் நோயுற்று, மற்றொன்று ஓடை கடக்கையில் தாயின் கையிலிருந்து நழுவி. வழியிலேயே காந்தியை மூன்று முறை கைது செய்தார்கள். நவம்பர் 10-இல் பால்ஃபர் ரயில் நிலையத்தில் ஊர்வலத்தை மடக்கி, மூன்று தனி ரயில்களில் ஏற்றி நேட்டாலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் டண்டீ நீதிமன்றத்தில் காந்திக்கு ஒன்பது மாதம்.

அடுத்து நடந்ததைத்தான் நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம். சிறைகளில் இடம் போதாது, சுரங்கங்களில் ஆள் இல்லை. இரண்டு குறையையும் ஒரே உத்தரவில் அரசாங்கம் தீர்த்துக்கொண்டது: சுரங்கக் கம்பவுண்டுகள் டண்டீ, நியூகாசில் சிறைகளின் கிளைகள் என்று அறிவிக்கப்பட்டன, சுற்றிக் கம்பி வலை அடிக்கப்பட்டது, சுரங்கத்தின் வெள்ளை ஊழியர்களே சிறைக் காவலர்கள் ஆனார்கள். கீழே இறங்க மறுத்தவர்களைச் சாட்டையால் அடித்தார்கள். வேலை செய்தாலும் அது கடுங்காவல் தண்டனை, கூலி இல்லை. கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்கு வேலைநிறுத்தம் பரவி, மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் எஸ்பெரன்ஸாவிலும் துப்பாக்கிச் சூட்டில் ஆள்கள் செத்தது இதற்குப் பிறகு. இந்தியர் குறைகளை விசாரிக்க சாலமன் கமிஷன் வந்து, 1914 நடுவில் இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கியது. காந்தி ஜூலையில் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டு தில்லையாடிக்கும் போனார். கம்பவுண்டில் இருந்தவர்கள் மீதி ஒப்பந்தத்தை முடிக்க மறுபடி கீழே இறங்கினார்கள்.

சாட்ஸ்வொர்த் பேத்தி எழுதியது:

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. 1907 மறு ஒப்பந்தத்தின் பின்னால் வரி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொரு தாளையும் இப்போது பார்த்தேன். 1912-இல் இரண்டாவது முறை மறு ஒப்பந்தம் செய்திருக்கிறார், அதே மாவட்டத்தில் வேறொரு சுரங்கத்தோடு. அப்படியானால் வேலைநிறுத்தத்தின்போது அவர் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். இருந்தும் வீட்டில் எவரும் ஒரு சொல் சொல்லவில்லை என்பதுதான் புரியவில்லை. கடைசிக் கேள்விக்கும் யாராவது விடை சொல்லுங்கள்: அவர்கள் எல்லோரும் எங்கே போனார்கள்?

லேடிஸ்மித் ஓய்வாசிரியர் எழுதியது:

அம்மா, பெரும்பாலோர் அதே சட்டத்தின் போக்கிலேயே கலைந்தார்கள். கடைசிக் கப்பல் 1911-இல் வந்தது. அதில் வந்தவரின் ஐந்தாண்டு 1916-இல் முடிந்தது. வரியும் போய்விட்டதால் மறு ஒப்பந்தத்துக்குத் தள்ளும் கை இல்லை. ஆகவே சுரங்க முதலாளிகளுக்குக் கட்டுண்ட இந்தியர் கிடைப்பது நின்றது. இதற்குள் ஆப்பிரிக்கரின் நிலமும் சுருங்கிவிட்டது. 1913-இலேயே வந்த நிலச் சட்டம் ஒரு பக்கம், தலைவரி ஒரு பக்கம். ஜூலுலாந்திலிருந்தும் போண்டோலாந்திலிருந்தும் பாசுட்டோலாந்திலிருந்தும் ஆள் எடுப்பது எளிதாயிற்று. முன்பு உழவுக் காலத்தில் ஊருக்குப் போக முடிந்தவர்கள் இப்போது போக வழியின்றி நின்றார்கள். நம்மவர் இடத்தில் அவர்கள் இறங்கினார்கள், கூலி ஏறவில்லை. 1913-ஐக் கொண்டாடும்போது இந்தப் பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

வெளியே வந்தவர்களில் ஒரு பகுதியினர் இந்தியாவுக்கே போய்விட்டார்கள். 1914 சட்டம், தென்னாப்பிரிக்காவில் வசிக்கும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால் இலவசக் கப்பல் பயணம் உண்டு என்றது. 1927 கேப் டவுன் ஒப்பந்தத்துக்குப் பின் ஆளுக்கு இருபது பவுன் ஊக்கத்தொகையும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு சென்னையில் இறங்கியவர்களுக்குச் சொந்தக் கிராமத்தில் ஒட்டவும் முடியவில்லை, இங்கே திரும்பவும் முடியவில்லை. இங்கே நின்றவர்கள் ரயில்வே, நகராட்சித் துப்புரவு, ஓட்டல் வேலை, காய்கறித் தோட்டம் என்று பிரிந்தார்கள். தங்கள் ஆயா தகப்பனாரை ரயில்வேக்காரர் என்று சொன்னது பிந்திய உண்மையாக இருக்கலாம். பல குடும்பங்களில் சுரங்கத்துக்கு அடுத்த படி அதுதான். 1924-க்குப் பின் வெள்ளையருக்கே அரசு வேலை என்ற கொள்கை வந்து ரயில்வேயிலிருந்தும் பலரைத் தள்ளியது. அப்போது டர்பனை நோக்கி இறங்கியவர்கள் ஏராளம். அதற்குப் பிறகு இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிச் சட்டம் அவர்களை எங்கே கொண்டு வைத்தது என்பதைச் டர்பனில் இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பேசாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. சாட்டையடியும் கம்பி வலையும் பட்டவர், அதே சுரங்கத்தில் மறுபடி வேலை பார்த்து, அதே மேலாளரிடம் டிக்கட் வாங்கிப் பிழைத்தவர். அதைப் பிள்ளைகளிடம் எந்த இடத்தில் தொடங்கிச் சொல்வார்? நான் பணியில் இருந்த காலத்தில் டான்ஹவுசர் பக்கத்து முதியவர் ஒருவரிடம் அவர் தகப்பனாரைப் பற்றிக் கேட்டேன். அவர் கரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கம்பவுண்டில் ஆடி மாதம் மாரியம்மனுக்குத் தகரக் கொட்டகை போட்டு, மீலி என்ற மக்காச்சோள மாவில் கூழ் காய்ச்சியதைத்தான் வெகுநேரம் சொன்னார். கேழ்வரகு கிடைக்காது, அதனால் மீலி, மோருக்கு ஜூலுக்காரர் வீட்டுப் புளித்த பால், வெங்காயத்தைக் கடையில் கடன் சொல்லி வாங்கிவருவார்களாம்.

மாரிட்ஸ்பர்க் ஏடுபுரட்டி எழுதியது:

தேடுவதற்கு ஒரு வழி சொல்கிறேன், அக்கா. கப்பல் பட்டியலில் பெயருக்கு முன்னால் இருக்கும் பதிவு எண்ணைப் பத்திரமாகக் குறித்துக்கொள்ளுங்கள், பெயரை நம்பாதீர்கள். ஒரே ஆளின் பெயரை மூன்று எழுத்தர்கள் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள், எண் மட்டும் மாறாது. வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் பட்டியல்களின் படிகள் உண்டு. பேராசிரியர் சுரேந்திர பானா அவற்றைக் கணினியில் ஏற்றி ஆராய்ந்திருக்கிறார். இந்தியக் குடியேறிகள் பாதுகாவலரின் கோப்புகள் மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இருக்கின்றன. முறையீடு, விபத்து விசாரணை, ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு மாற்றம், இறப்பு எல்லாம் அதில் வரும். சுரங்கத்தின் பெயரை வைத்தும் தேடுங்கள், பதிவு எண்ணை வைத்தும் தேடுங்கள். 1913 நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு டண்டீ, நியூகாசில் மாஜிஸ்திரேட்டுகளின் தாள்களையும் கேட்டுப் பாருங்கள். அவர் தண்டிக்கப்பட்டிருந்தால் அங்கே ஒரு வரியாவது இருக்க வாய்ப்புண்டு. டண்டீ தலானா அருங்காட்சியகம் போர்க்களத்துக்குப் பேர்போனது; நிலக்கரித் தொழில் பற்றியும் அங்கே வைத்திருக்கிறார்கள்.

1912 தாளில் முதலாளி பெயருக்குக் கீழே சிறு எழுத்தில் மனைவியின் எண்ணும் பிள்ளைகளின் எண்ணும் எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் மங்கிப் போயிருக்கும். பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்து இங்கே போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.